சினை ஊசிக்காரி டிம்ப்னாவின் கார்ப் பந்தயம்

டிம்ப்னா கெரட்டிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அயர்லாந்தின் ரோஸ்காமன் மாவட்டத்தில், எங்கள் பாலிஃபாரோவைச் சுற்றி இருபது மைலுக்குள் எந்தப் பசு பருவத்துக்கு வந்து கத்தினாலும் அவளுக்குத்தான் போன் போகும். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது அவள் தொழில். கார் டிக்கியில் புகை கக்கும் குளிர்க்குடுவை, அதற்குள் முப்பது காளைகளின் வித்து, தோள்வரை ஏறும் பிளாஸ்டிக் உறை, ஒரு வாளி. நாளைக்குப் பதினைந்து பண்ணை. இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று வேலியில் ஏற வேண்டும், அப்படிப்பட்ட சந்துகள் எங்களுடையவை. அவற்றில் அவள் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்கிறவர்கள் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

நான் பாலிஃபாரோ மாட்டுச் சந்தை ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மாடு ஏலக்களத்துக்குள் வந்ததும் எடையைத் திரையில் ஏற்றுவேன். வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட்டில் ஏலம் கேட்கிறவர்களையும் கவனிப்பேன். டிம்ப்னாவும் நானும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அவள் கதையைச் சொல்ல எனக்கு அந்த உரிமை போதும்.

எல்லாம் ஒரு லிமூசின் இனப் பசுவின் உதையில் ஆரம்பித்தது. முழங்கால் சிப்பி நொறுங்கி, டிம்ப்னா இரண்டு மாசம் நாற்காலியிலேயே கிடந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் நாளே வீட்டில் இருக்கிற எல்லோரையும் கடித்துக் குதற ஆரம்பித்தாள். எல்லோரும் என்றால், அவள் புருஷன் மலக்கி ஒருவன்தான். கவுன்சில் ரோட்டில் குழி அடைக்கிற வேலை அவனுக்கு; சாதுவான ஆள். பொறுக்க முடியாமல் லாங்ஃபோர்டு டவுனுக்குப் போய், ஒரு பழைய வீடியோ கேம் கன்சோலும் ஸ்டியரிங்கும் காலில் மிதிக்கிற பெடலும் வாங்கி வந்து டிவியில் மாட்டிக் கொடுத்தான்.

"இந்தா, இதுல யாரையாவது இடிச்சுக்கோ. என்ன விடு" என்றானாம்.

கார்ப் பந்தயம். முதல் நாள் சுவரில் மோதிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்தில் கம்ப்யூட்டர் ஓட்டும் கார்களை எல்லாம் முந்தினாள். முழங்கால் ஆறி வேலைக்குத் திரும்பிய பிறகும் ஸ்டியரிங்கை விடவில்லை. கடைசிப் பண்ணையை முடித்துக் கைகழுவி, டீ குடித்து, ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அப்புறம் கம்ப்யூட்டர் காரோடு ஓடுவது சலித்துப்போய், இன்டர்நெட்டில் மனுஷரோடு ஓட்ட இறங்கினாள். அங்கேதான் வந்தது வினை.

அவர்கள் வீட்டுக்கு வருவது பழைய செம்புக் கம்பி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏழு கிலோமீட்டர், பாதி தூரம் முள்வேலிக்குள்ளேயே ஓடுகிறது. அதில் ஈமெயில் வரும், பொறுமை இருந்தால் படமும் வரும். கன்சோல் ஒரு புதுப்பித்தல் கேட்டால் வெள்ளிக்கிழமை போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்து பார்க்க வேண்டும். பந்தயமோ இன்னும் மோசம். பந்தயத்துக்கு வேண்டியது தகவல் கண்ணிமைக்குமுன் போய்த் திரும்புவது. இவள் கம்பியில் அது போய், மூச்சு வாங்கி, உட்கார்ந்து, எழுந்துதான் திரும்பும். அதனால் இவள் திரையில் மற்றவர்கள் கார் சற்று முன்பு இருந்த இடத்தில் தெரியும். மற்றவர்கள் திரையில் இவள் கார் மறைந்து, பத்தடி தள்ளி முளைக்கும்.

இதில் மலக்கி வேறு. அவனுக்குத் துப்பறியும் படம் என்றால் உயிர்; அதே லைனில்தான் போனில் பார்ப்பான்.

"மலக்கி! அந்தப் படத்த நிறுத்து! என் கார் பாலத்து மேல அந்தரத்துல நிக்குது!"

"இன்னும் இருபது நிமிஷந்தான். கொலைகாரன் யாருன்னு தெரியப்போகுது."

"நிறுத்தலைன்னா கொலைகாரன் யாருன்னு இந்த வீட்டுலயே தெரிஞ்சிடும்."

நிறுத்தினான். ஆனாலும் லைன் நொடிக்கொரு தரம் விக்கியது. டிக், டிக், டிக் என்று அளந்துவைத்த விக்கல். ஒரு நாள் போனைக் காதில் வைத்து அதையே கேட்டுக்கொண்டிருந்தவள், சட்டென்று ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பக்கத்து வயலுக்கு நடந்தாள். பேக்கி லோகனின் மின்வேலி. மாடு தாண்டாமல் இருக்க நொடிக்கொரு தரம் ஷாக் அடிக்கும் கம்பி, டெலிபோன் கம்பத்தை உரசுகிற மாதிரி அரை மைல் கூடவே ஓடியது.

"பேக்கி, உன் வேலி என் லைன்ல அடிக்குது."

"என் மாட்ட அடிக்கத்தானே வெச்சேன்? நீ ஏன் குறுக்க வர்ற?"

கேட்டானே தவிர, அவனே சுத்தியலைப் பிடிக்க, இரண்டு பேருமாக ஒரு மத்தியானம் முழுக்க வேலியை நகர்த்தினார்கள். விக்கல் போயிற்று. தாமதம் போகவில்லை. ஆனால் டிம்ப்னா அந்தத் தாமதத்தோடே ஓட்டக் கற்றுக்கொண்டாள். எதிராளி இப்போது எங்கே தெரிகிறான் என்று பார்க்க மாட்டாள், எங்கே இருப்பான் என்று கணக்குப் போட்டு அந்த இடத்தை விட்டு ஓட்டுவாள். கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கிற மாதிரி. அப்படி மூன்று வருஷம் ஓட்டியே அயர்லாந்து முழுக்க நடக்கும் ஒரு பந்தய லீக்கில் நுழைந்து, இறுதிப் போட்டிக்கான பதினாறு பேரில் ஒருத்தியாக வந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் இடி விழுந்தது. லீக்கில் முதல் ஆள் டெலஹன்ட் என்ற டப்ளின் பல் டாக்டர். அவன் எல்லோரும் படிக்கிற பக்கத்தில் எழுதினான்: 'ரோஸ்காமன் டிம்ப்னா லைனை வேண்டுமென்றே துண்டித்துத் துண்டித்து ஓட்டுகிறார். கார் மறைந்து முன்னால் முளைப்பது தற்செயல் இல்லை.' அப்படிச் செய்கிற திருடர்கள் உண்டாம். கம்பியில் ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொள்வார்களாம். லீக் கமிட்டி கூடி, பொதுவாக ஒரு விதி போட்டது. இறுதிப் போட்டியில் யாருடைய தாமதமும் ஐம்பதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வெளியே. நொடியை ஆயிரமாக வெட்டினால் அதில் ஐம்பது துண்டு. டிம்ப்னாவுக்கு நல்ல நாளில் நூற்றுத் தொண்ணூறு. மழை பெய்தால் நானூறு. ரோஸ்காமனில் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணலாம்.

புது ஒளியிழைக் கேபிள் எங்கள் பக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. நாற்சந்திக் கம்பத்தில் ஒரு பெரிய சுருளாக மார்ச் மாசத்திலிருந்து தொங்கியது. அங்கிருந்து அவள் வீடு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. எப்போது இழுப்பீர்கள் என்று கம்பெனிக்காரர்களைக் கேட்டால் 'அடுத்த வருஷம்' என்று மரியாதையாகச் சொன்னார்கள். கல்குவாரி மேட்டில் செல்போன் சிக்னல் நன்றாக வரும் என்று கேள்விப்பட்டு, மலக்கியின் வேனுக்குள் டிவியை வைத்து அங்கே போய் ஓட்டிப் பார்த்தாள். மூன்று சுற்று அற்புதமாகப் போயிற்று. நாலாவதில் ஊரே கால்பந்து பார்க்கப் போனைத் திறந்தது. கார் அப்படியே உறைந்து நின்றது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சந்தை கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும் ஆறிக்கொண்டிருந்தன.

"தோத்துப் போனா பரவால்லடி ப்ரீடா. திருடின்னு சொல்லிட்டு வெளிய தள்றாங்க பாரு, அதான் தாங்கல."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இன்டர்நெட் ஏலம் வந்ததிலிருந்து எங்கள் சந்தைக்கு ஒளியிழை லைன் இருக்கிறது. ஆபீஸுக்கு ஓடிப்போய் அளந்து பார்த்தேன். ஒன்பது.

"டிம்ப்னா, எங்ககிட்ட ஒன்பது இருக்குடி!"

அவள் முள்கரண்டியை அப்படியே போட்டுவிட்டாள்.

போட்டி சனிக்கிழமை மூன்று மணிக்கு. சனிக்கிழமை சந்தை நாள். அதிலும் அக்டோபர் மூன்றாவது சனி, பால்குடி மறந்த கன்றுகளின் விற்பனை. வருஷத்திலேயே பெரிய நாள். மேனேஜர் ஜார்லத் டியர்னனிடம் போனோம். ஏலம் கூவுவதும் அவர்தான். எடுத்த எடுப்பில் மறுத்தார்.

"கன்னு விக்கிற லைன்ல பொம்மக் கார் ஓட்றதா? ஒரு ஏலம் சிக்கிச்சுன்னா காலத்துக்கும் என்னத் திட்டுவானுங்க. முடியாதும்மா."

"சார், இது லைன்ல அதிகம் எடம் எடுக்காது. அகலமான ரோடு வேண்டாம், நேரான ரோடு இருந்தாப் போதும்" என்றேன்.

"ரோட்டப் பத்தி மலக்கிகிட்டப் போய்ப் பேசு."

டிம்ப்னா கதவுப் பக்கம் திரும்பி, "சரி ஜார்லத். என்னத் திருடின்னு டப்ளின்காரன் எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்" என்றாள். கெஞ்சலாகச் சொல்லவில்லை, அலுப்பாகத்தான் சொன்னாள்.

ஜார்லத் கண்ணாடியைக் கழற்றினார். "யார் எழுதினது?"

"ஒரு பல் டாக்டர்."

"உன்னையா? திருடின்னா? டப்ளின்ல உக்காந்துகிட்டா?" அவர் கழுத்து சிவந்துபோயிற்று. "ரெண்டாம் களத்து ஆபீஸ எடுத்துக்கோ. ஒரே ஒரு ஏலம் சிக்கினாலும் நானே வந்து ஒயரப் பிடுங்குவேன். தெரியுதா?"

சனிக்கிழமை மத்தியானம் மலக்கி டிவியைக் கம்பளியில் சுற்றி வேனில் ஏற்றி வந்தான். நாலு நாள் முன்னால் தானே அடைத்த குழி, மழையில் மறுபடி வாயைப் பிளந்திருந்தது அவனுக்குத் தெரியாது. சந்தையில் இறக்கி, கம்பளியைப் பிரித்தால் திரை மூலைக்கு மூலை விரிசல் விட்டுக் கிடந்தது. மணி இரண்டே கால். மலக்கியின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

டிம்ப்னா அவனைத் திட்டவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்தாள். இரண்டாம் களத்துக்கு மேலே, மாட்டின் எடையும் எண்ணும் காட்டுகிற பெரிய திரை. அந்தக் களத்தில் சின்னக் கன்றுகளின் ஏலம் முடியப்போகிற நேரம்.

"ப்ரீடா, அது ரெண்டரைக்கு சும்மாதானே இருக்கும்?"

கடைசிக் கன்று வெளியே போன கையோடு ஒயரை இழுத்து மாட்டினோம். ஏலக்காரர் உட்காரும் மேடையில், மேஜை விளிம்பில் ஸ்டியரிங்கை இறுக்கினாள். பெடல் நழுவாமல் இருக்க மலக்கி ஒரு மூட்டை மாட்டுத் தீவனத்தை முட்டுக் கொடுத்தான். படிப்படியாக உயர்கிற பெஞ்சுகளில் ஏழெட்டு விவசாயிகள் டீயும் சாண்ட்விச்சுமாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் மாட்டுக்குப் பதில் பதினாறு கார் தெரிந்ததும் பேக்கி லோகன் எழுந்து நின்றான்.

"இதென்னடா, என்ன எடை இது?"

"உக்காரு பேக்கி. டிம்ப்னா பந்தயம் ஓட்றா."

திரை மூலையில் அவள் தாமதம் பச்சை எழுத்தில் தெரிந்தது. ஒன்பது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே தள்ள இனி யாராலும் முடியாது.

மூன்று மணி. இருபது சுற்று. பத்தாவது இடத்திலிருந்து கிளம்பினாள். முதல் வளைவிலேயே நாலு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். இத்தனை பாடுபட்டு நல்ல லைனைத் தேடி வந்தது இதற்கா? அடுத்த வளைவிலும் தயங்கினாள். முன்னால் போகிறவனுக்கு மாடு திரும்புகிற அளவுக்கு இடம் விட்டாள். மூன்றாம் சுற்றில் திடீரென்று கத்தினாள்.

"ப்ரீடா! இவங்கல்லாம் இருக்கிற எடத்துலயே இருக்காங்கடி!"

பெஞ்சில் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. மூன்று வருஷமாக ஆவிகளுக்கு இடம் விட்டு ஓட்டியவள். இன்று திரையில் கார் தெரிந்தால் கார் அங்கே நிஜமாகவே இருக்கிறது. கட்டை அவிழ்த்துவிட்ட கண் அவளுக்கு. அடுத்த வளைவில் இரண்டு காருக்கு நடுவே, எங்கள் பண்ணைச் சந்தில் டிராக்டரைத் தாண்டுவாளே, அதே மாதிரி புகுந்து வெளியே வந்தாள். பன்னிரண்டாவது இடம். பதினொன்று. கண்மூடித்தனமாக ஓட்டி ஓட்டிப் பழகியதில் இன்னொன்றும் அவளிடம் ஊறியிருந்தது: எதிராளி எந்தப் பக்கம் ஒதுங்குவான் என்று அவனுக்கு முன்னால் இவளுக்குத் தெரியும். ஒன்பது. எட்டு.

"அந்த நீலக்காரன விடாதே! அவன் நொண்டுறான் பாரு!" பேக்கி எழுந்து நின்று தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான். சத்தம் கேட்டு முதல் களத்திலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பத்துப் பேர். பத்தாவது சுற்றில் பெஞ்சுகள் நிரம்பி, படிகளிலும் கம்பி மேலும் ஆள் தொங்கியது.

பதினோராவது சுற்றில் கதவு படாரென்று திறந்தது. ஜார்லத்.

"கன்னு நடுவுல நிக்குது, கேக்க ஒரு ஆள் இல்ல! எங்கடா போனீங்க எல்லாரும்?" விறுவிறு என்று மேடைக்கு வந்து ஒயரைப் பிடித்தார். "ஏலம் ஒண்ணும் சிக்கல சார்" என்றேன். அவர் திரையைப் பார்த்தார்.

"இவ எத்தனாவது?"

"ஆறு."

"அந்தப் பல்லுப் பிடுங்கி?"

"முதல்ல. அதோ வெள்ளைக் கார்."

ஒயரை விட்டார். மைக்கை எடுத்தார். "முதல் களத்துல பத்து நிமிஷம் இடைவேளை. இன்டர்நெட்ல இருக்கிறவங்களும் போய் டீ குடிங்க." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாட்டை ஏலம் விடுகிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"ஆறுல நிக்குது, ஆறு, ஆறு, அஞ்சு கேக்குறேன் அஞ்சு, வளைவுல யாரு குடுக்கிறா அஞ்சு, உள்ள விடு, விடு, அஞ்சு வந்தாச்சு! நாலு கேக்குறேன், நாலு, நாலு, அந்தச் செவப்பு வழுக்குது, நாலு எனக்கு! மூணு யாருகிட்ட, மூணு..."

கூரைத் தகரம் அதிர்ந்தது. பக்கத்துத் தொழுவத்தில் கன்றுகள் மிரண்டு கத்தின. டிம்ப்னா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து, தீவன மூட்டை நசுங்க மிதித்துக்கொண்டிருந்தாள். பதினேழாம் சுற்றில் இரண்டாவது இடம். பதினெட்டில் வெள்ளைக் காரின் வாலுக்கு வந்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்குறேன்! ஒரு தரம்!" ஜார்லத்தின் குரல் உடைந்தது.

கடைசிச் சுற்று, கடைசி வளைவு. டெலஹன்ட் உள்பக்கத்தை மூடினான். லேசாக முட்டினால் போதும், அவன் மணலில் போய்க் கிடப்பான். முட்டச் சொல்லி இருநூறு பேர் கத்தினார்கள். அவள் கால் பெடலில் இளகியதை நான் பார்த்தேன். முட்டவில்லை. வெளிப்பக்கமாக, புல் விளிம்பில் இரண்டு சக்கரம் ஏற, சுற்றி வந்தாள். இரண்டு காரும் ஒட்டினாற்போல் கோட்டைத் தாண்டின.

திரையில் எண் வந்தது. முதல்: டெலஹன்ட். இரண்டாவது: டிம்ப்னா. நொடியில் நூறில் மூன்று பங்கு வித்தியாசம்.

அந்தக் கொட்டகை அப்போது கேட்ட சத்தத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"மூக்கு இவளோடதுதான் முன்னாடி! நான் பார்த்தேன்! திருப்பிப் போடு!" பேக்கி மேடையில் ஏறப் பார்த்தான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒலிபெருக்கியில் ஒரு புதுக் குரல் வந்தது. ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் பேசுகிற வழியை நான் ஒலிபெருக்கியோடு சேர்த்து மாட்டியிருந்தேன்.

"டிம்ப்னா, நான் டெலஹன்ட். கேக்குதா? பின்னால என்ன சத்தம் அது?"

"கன்னுக்குட்டிங்க. மாட்டுச் சந்தைல இருக்கேன். எங்க வீட்டு லைன் பத்தலைன்னு இங்க வந்தேன்."

"அப்போ அந்த மறைஞ்சு மறைஞ்சு வந்ததெல்லாம்..."

"செம்புக் கம்பி. ஏழு கிலோமீட்டர்."

"நான் எழுதினது தப்பு. இன்னைக்கே அங்கயே எழுதிடறேன். உள்பக்கம் மூடினப்போ நீங்க முட்டப்போறீங்கன்னுதான் நெனச்சேன்."

"எழுதுங்க. ஆனா மூடினது நல்லா இருந்துச்சு."

"கேக்குறதுக்கு மன்னிக்கணும், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

டிம்ப்னா கூட்டத்தை ஒரு தரம் பார்த்தாள். "மாட்டுக்குச் சினை ஊசி போடறேன்."

டெலஹன்ட் ஏதோ பதில் சொன்னான். சிரிப்பில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

ஜார்லத் எல்லோரையும் முதல் களத்துக்கு விரட்டினார். சூடு தணியாத ஜனம், அன்றைக்குக் கன்றுகளைப் போட்டி போட்டுக்கொண்டு கேட்டது. அவர் அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. டெலஹன்ட் சொன்னபடி சாயங்காலமே எழுதினான். ஒரு வாரத்தில் கமிட்டி இன்னொரு விதி போட்டது: யார் மேலாவது சந்தேகம் வந்தால், நல்ல லைனில் ஒரு தரம் ஓட்டிக் காட்ட வாய்ப்புக் கொடுக்காமல் பழி சொல்லக் கூடாது.

அன்று போட்டி முடிந்ததும் டிம்ப்னா கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மலக்கி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "டிவி போச்சே" என்றான். "போனாப் போகட்டும் போ" என்று அவன் தோளில் சாய்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பேக்கி லோகன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"டிம்ப்னா, இப்பப் போய்க் கேக்கறேன்னு நெனைக்காதே. என் செவலைப் பசு காலைலேர்ந்து கத்துது."

"காலைலேர்ந்தா? அப்போ இப்பவே வந்தாகணுமே!"

எழுந்து கார் சாவியை எடுத்தாள். "இன்னைக்கு ஓட்டினது போதும்" என்று மலக்கி அதை வாங்கிக்கொண்டான். நான் வாசலில் நின்று பார்த்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், ஒவ்வொரு குழிக்கும் பிரேக் போட்டுக்கொண்டு மலக்கி வண்டியை ஓட்டிப் போனான். பின்னால் கன்று ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து அவர்களை முந்திக்கொண்டு போனது. டிம்ப்னா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதற்கு ஏதோ கத்தினாள்.